நாலாம் கிடாரம் விழித்த நேரம்

அத்தியாயம் ஆறு

பொலிசில் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிற ஒருவர் இவ்வளவு கவனமாக கழுத்துக்கு ரை கட்டுவதை நித்தியானந்தன் அன்றுதான் கண்டான்.

1989 மார்ச் ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி. டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்தில் ஒரு மூன்றாம் மாடி வீடு. கண்ணாடிக்கு முன்னால் நின்ற ஜெபரட்ணத்துக்கு நாற்பத்தாறு வயது. மானிப்பாயில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். இங்கே ஃப்யோர்ட் என்கிற கடல்வாய்க் கரையில் இருக்கிற மட்டித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பின்னேரம் இரண்டு மணிக்கு அவர் பொலிஸ் நிலையத்தில் ஒரு தாளில் கையெழுத்து வைக்கவேண்டும். வைத்துவிட்டால், ஜனவரி பதின்மூன்றாம் திகதி அந்தோனிமுத்து என்ற தொழிலாளி நீராவியில் வெந்து செத்தது ஜெபரட்ணத்தின் கவலையீனத்தால்தான் என்று முடிவாகிவிடும்.

"அண்ணை, ரையை இன்னும் இறுக்காதேங்கோ. பொலிசுக்கு வேலை இல்லாமப் போயிடும்," என்றான் நித்தியானந்தன்.

யாரும் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்த யசிந்தா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யசிந்தா யாழ்ப்பாணம் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். டென்மார்க்கில் வக்கீல்மாருக்கும் பொலிசுக்கும் மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்க்கப் போன இடங்களில் மற்றவர்கள் கவனிக்காததைக் கவனித்து இரண்டு மூன்று வழக்குகளைத் தலைகீழாக்கிவிட்டாள். அதற்குப் பிறகு ஹ்விடோவ்ரேயிலிருந்து ரண்டர்ஸ் வரை, எந்த ஊரில் சிக்கல் என்றாலும் தமிழ்ச் சனம் அவளைத்தான் தேடியது. நித்தியானந்தன் அவளுக்குக் கார் ஓடுவான், கோப்புத் தூக்குவான், கேளாமலே கருத்தும் சொல்லுவான். ஜனவரி வரைக்கும் அவனும் அதே மட்டித் தொழிற்சாலையில்தான் கூட்டித் துடைத்து, சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அந்தோனிமுத்துவை அடக்கம் செய்த கிழமையோடு வேலையை விட்டான். மட்டி மணம் ஒத்துவரவில்லை என்று எல்லாருக்கும் சொன்னான். கிடாரத்தடியில் நிற்க முடியாமல் போனதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

"ஜெபரட்ணம் அண்ணை, நீங்கள் செய்தனீங்களோ இல்லையோ?" என்று யசிந்தா கேட்டாள்.

"பேப்பர் செய்தனான் எண்டுது."

"நான் பேப்பரைக் கேக்கேல்லை."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தொழிற்சாலையில் மட்டி அவிக்கிற பெரிய இரும்புப் பாத்திரங்கள் நாலு. தமிழ் ஆட்கள் அவற்றைக் கிடாரம் என்பார்கள். ஒவ்வொரு கிடாரத்துக்கும் சுவரில் ஒரு கொம்பியூட்டர்ப் பெட்டி. உள்ளே அழுத்தம் இறங்கும்வரை மூடியின் பூட்டைத் திறக்க விடாமல் வைத்திருப்பது அந்தப் பெட்டிதான். அவசரமென்றால் மேற்பார்வையாளர் தன் இலக்கத்தை அடித்துத் திறந்துவிடலாம். எந்தப் பெட்டியில் என்ன நடந்தாலும், காலையில் சுவிச்சைப் போட்டுப் பெட்டியை எழுப்பினாலும், கந்தோர் அறையில் உள்ள பிரின்ரர் அதை ஒரு வரியாக அடித்து வைக்கும். ஜனவரி பதின்மூன்று, பிற்பகல் இரண்டு பன்னிரண்டுக்கு அது அடித்த வரி: நாலாம் கிடாரம், பூட்டுத் திறப்பு, இலக்கம் 311. அது ஜெபரட்ணத்தின் இலக்கம். இரண்டு பதின்மூன்றுக்கு நாலாம் கிடாரத்தின் மூடி எகிறியது.

"எனக்கு ரெண்டாம் கிடாரத்தில நிண்டு அடிச்ச ஞாபகம், தங்கச்சி. ரெண்டின்ர மூடி அந்தக் கிழமை முழுக்க அடம்பிடிச்சது. ஒவ்வொருக்காலும் நான் போய்த்தான் திறந்துவிட்டனான். நாலுக்குக் கிட்டவும் போகேல்லை எண்டுதான் முதல் பொலிசுக்குச் சொன்னனான். அவங்கள் சொல்லுறாங்கள், அதிர்ச்சியில ஞாபகம் இடம் மாறுமாம்." அவர் தன் வலது கையைப் பார்த்தார். "ரெண்டு மாசமா யோசிக்கிறன். இப்ப கண்ணை மூடினா நான் நாலிலதான் நிக்கிறன். அதோட அவனும் வாறான்."

"ஆர்?"

"அந்தோனி."

மேசை லாச்சியைத் திறந்து, இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக உள்ள தாள்க் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். கந்தோரில் எறிகிற பிரின்ரர்த் தாள்கள். பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் வேதபாடக் குறிப்பு எழுதப் புது வருடத்திலிருந்து சேர்த்து வைத்திருந்தார்.

"விபத்து நடந்தண்டே அரசாங்கப் பரிசோதகர் வந்து நாலாம் பெட்டிக்குக் கரண்டைப் பிடுங்கி, முத்திரை வைச்சிட்டுப் போனவர். அதுக்குப் பிறகு ஒருத்தரும் தொடேல்லை. ஆனா பாருங்கோ, காலமை காலமை. 'நாலு, எழும்பிவிட்டது, 05.58.' அந்தோனிக்கு ஆறு மணிக்கு வேலை. அவன் எப்பவும் ரெண்டு நிமிசம் முந்தித்தான் வருவான்."

நித்தியானந்தன் தாளை எட்டிப் பார்த்தான். "செத்த பிறகும் நேரத்துக்கு வாற ஆளை எந்த முதலாளி விடுவான்," என்றான். சொன்ன பிறகு தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

யசிந்தா தாள்களைக் கடைசியிலிருந்து முன்னுக்குப் புரட்டிக்கொண்டு போனாள். மார்ச், பெப்ரவரி, ஜனவரி. ஓரிடத்தில் விரல் நின்றது.

"புது வருசத்துக்குப் பிறகு நாலாம் கிடாரத்தை முதல் எப்ப மூட்டினவை?"

"அந்த வெள்ளிதான். மட்டி வரத்துக் குறைவு, அதுவரைக்கும் மூண்டு கிடாரம் காணும்."

"அப்ப இது என்ன?" தாளை அவர் பக்கம் திருப்பினாள். "திங்கள், ஒன்பதாந் திகதி. அஞ்சு ஐம்பத்தெட்டுக்கு நாலு எழும்பியிருக்கு. செவ்வாயும் எழும்பியிருக்கு. புதன், வியாழன், எல்லாம். அந்தோனி உயிரோட நிண்டு வேலை செய்த நாள்கள்."

ஜெபரட்ணம் தாளை வாங்கி மூக்கோடு வைத்துப் பார்த்தார்.

"ஆள் சாக நாலு நாளுக்கு முதலே ஆவி வந்திருக்கு, அண்ணை. உது அந்தோனி இல்லை," என்றாள் யசிந்தா. "ரெண்டு மணிக்குப் பொலிசடியில நில்லுங்கோ. நான் வராமல் உள்ளுக்குப் போகாதேங்கோ."

அவர் தலையாட்டினார். சுவரில் அவருடைய மனைவியும் இரண்டு மகள்மாரும் ஒரு படத்தில் நின்றார்கள். இரண்டு வருடமாகத் தமிழர்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களை நீதி மினிஸ்ட்ரியில் தொடாமலே வைத்திருந்தார்கள் என்று இப்போது றேடியோவே சொல்லிக்கொண்டிருந்தது. இனி ஒவ்வொன்றாக எடுப்பார்களாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தவனின் ஃபைலை எடுப்பார்களா என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. நித்தியானந்தனின் மனைவியின் பெயரும் மகனின் பெயரும்கூட அங்கேதான் ஏதோ ஒரு லாச்சிக்குள் கிடந்தன.

லாடா கார் ஃப்யோர்ட் ஓரமாகப் போனது. தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது.

"மட்டி அவிக்கிற இடத்தில இவ்வளவு காலம் இருந்திருக்கிறன். அங்க உள்ள பெரிய மட்டி நான்தான் எண்டு இப்பதான் விளங்குது," என்றான் அவன். "நானும் அந்தத் தாளைப் பாத்துப் பயந்தனான் அக்கா."

யசிந்தா அந்தத் தாளை அவன் பக்கம் நீட்டினாள். "ஒன்பதாந் திகதி எத்தினை பெட்டி எழும்பினது?"

"மூண்டு. ஒண்டு, மூண்டு, நாலு."

"எத்தினை கிடாரம் வேலை செய்தது?"

"மூண்டுதான். ஒண்டு, ரெண்டு..." அவன் கால் தானாக அக்சிலேற்றரை விட்டது.

"வந்த ஆளைப் பாத்து எல்லாரும் பயந்தீங்கள். வராத ஆளை ஒருத்தரும் தேடேல்லை," என்றாள் யசிந்தா. "விபத்து நடந்த வெள்ளியைத் தவிர, ரெண்டாம் பெட்டி அந்தத் திங்களில இருந்து ஒரு நாளும் எழும்பேல்லை. ஆனா ரெண்டாம் கிடாரம் ஒவ்வொரு நாளும் மட்டி அவிக்குது. மூடி அடம்பிடிக்கத் தொடங்கினதும் அந்தத் திங்கள்தானே?"

"ஓம். குளிருக்கு இறுகிட்டுது எண்டு நினைச்சம்."

"அதுக்கு முதல் நாள், ஞாயிறு, என்ன நடந்தது?"

அவன் சிரித்தான். அது அவன் பலருக்குச் சொல்லிப் பெயர் வாங்கிய கதை. "பனிக்குக் குழாய் வெடிச்சு, ரெண்டாம் நாலாம் பெட்டிக்குள்ள தண்ணி போட்டுது. பிரெபென் எண்டு மெசின் திருத்திற ஆள் இருக்கிறார், அவர் என்னைக் கூப்பிட்டார். கந்தோர்ப் பெட்டையின்ர தலைமயிர் காய வைக்கிற மெசினைக் கொண்டுவந்து, ரெண்டு பேருமா உள்ளுக்குக் கிடந்ததெல்லாத்தையும் கழட்டிக் காய வைச்சுப் பூட்டினம். டென்மார்க்கில கொம்பியூட்டருக்குத் தலை இழுத்துவிட்ட முதல் தமிழன் நான்தான்."

யசிந்தா சிரிக்கவில்லை. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பகிடி எடுபடவில்லையாக்கும் என்று அவன் நினைத்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். ஆட்கள் போய்விட்ட பெரிய மண்டபத்தில் நீராவி மட்டும் தரையோடு ஊர்ந்தது. நாலாம் கிடாரத்தின் மூடியைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். மேலே சுவரில் அதன் பெட்டி, சிவப்பு முத்திரையோடு. பிடுங்கிய வயர் நிலத்துக்கு எட்டாமல் தொங்கியது. நித்தியானந்தன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

பிரெபென் அறுபதை நெருங்கிய மனிதர். நீல ஓவரோல், காதில் கேள்கருவி. யசிந்தா டெனிஷில் கேட்ட முதல் கேள்வியே அவரை நிமிரவைத்தது.

"இந்தப் பெட்டிக்குத் தான் இரண்டாம் கிடாரத்தின் பெட்டி என்று எப்படித் தெரியும்?"

"பொலிஸ் இதைக் கேட்கவேயில்லை," என்றார் பிரெபென். "சுவிச்சைப் போட்டதும் முதலில் விழிப்பது ஒரு சின்னச் சில்லு, கொம்பியூட்டர்ச் சிப். அதற்குள் துளியளவு புரோகிராம்தான் இருக்கிறது. அது கந்தோரிலிருந்து பெரிய புரோகிராமைக் கேபிள் வழியாக இழுத்தெடுக்கும். பிறகு பொறுப்பு முழுவதையும் அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். கொடுக்கும்போது ஓர் இலக்கத்தையும் சொல்லும். நீ இருப்பது இத்தனையாம் பெட்டி, உன் கிடாரம் இந்த வகை என்று."

"பெரிய புரோகிராம் அது சரியா என்று பார்க்காதா?"

"எதை வைத்துப் பார்க்கும்? நாலு பெட்டிக்கும் போவது ஒரே புரோகிராம்தான். தான் எங்கே வந்து இறங்கியிருக்கிறேன் என்று அதற்குத் தெரியாது. சில்லு சொன்னதை நம்பித்தான் எந்தக் கம்பியில் அழுத்தத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்யும்."

யசிந்தா நித்தியானந்தனிடம் தமிழில் சொன்னாள்: "எக்ஸ்சேஞ்சிலயும் உதுதான். கொழும்புக்காரி 'இது ஆஸ்பத்திரி லைன்' எண்டு சொல்லித் தந்தா நான் ஆஸ்பத்திரி எண்டுதான் எழுதுவன். அங்கால கள்ளுத் தவறணை இருந்தாலும்." பிறகு திரும்பவும் டெனிஷில்: "இரண்டாம் கிடாரமும் நாலாம் கிடாரமும் ஒரே வகையா?"

"இல்லை. ஒன்றும் இரண்டும் பழையவை. மூன்றும் நாலும் புதியவை. அழுத்தக் கம்பி அவற்றில் வேறு இடத்தில்..."

பிரெபென் பாதியில் நிறுத்திவிட்டார். அவருடைய கண் இரண்டாம் பெட்டிக்குப் போய், அங்கிருந்து நித்தியானந்தனுக்கு வந்து, பிறகு நிலத்துக்கு இறங்கியது.

"நாலாம் பெட்டி தன்னை இரண்டு என்று நினைத்தால்?" யசிந்தா விடவில்லை.

"பழைய கிடாரத்தின் கம்பியைத் தேடும். அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. அழுத்தமே இல்லை என்று நினைத்துப் பச்சை விளக்கைப் போட்டுப் பூட்டைத் திறந்துவிடும்." அவர் குரல் தாழ்ந்தது. "உள்ளே எவ்வளவு நீராவி இருந்தாலும்."

"இரண்டாம் பெட்டி தன்னை நாலு என்று நினைத்தால், வேறு ஏதோ கம்பியைப் பார்த்து எப்போதும் அழுத்தம் இருப்பதாக நினைத்துத் திறக்கவே மறுக்கும். யாராவது வந்து இலக்கம் அடிக்கவேண்டும். அப்படித்தானே?"

பிரெபென் தலையை மட்டும் ஆட்டினார்.

"நித்தி, நீ கந்தோருக்குப் போ. இவர் ரெண்டாம் பெட்டியை நிப்பாட்டித் திருப்பிப் போடுவார். பிரின்ரர் என்ன அடிக்குது எண்டு பாத்து வந்து சொல்லு."

கந்தோரில் ஒருவரும் இல்லை. மேசையில் யாரோ பாதி குடித்த கோப்பி. பிரின்ரர் சுவரோரம் பேசாமல் இருந்தது. அவன் அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பிரின்ரர் ஒரு தடவை உறுமியது. தலை இடமிருந்து வலமாக ஓடியது. தாள் ஒரு வரி மேலே ஏறியது.

நாலு. எழும்பிவிட்டது. 11.41.

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதாக அவன் முன்னால் வந்து நின்றது. ஊருக்குச் சொல்லித் திரிந்த பகிடிக் கதையில் அவன் ஒருநாளும் சேர்க்காத பகுதி. விரித்த பேப்பரில் இரண்டு கறுப்புச் சில்லுகள், பூரானைப் போலக் கால்களை மேலே காட்டிக்கொண்டு. இலக்கம் எழுதி ஒட்டியிருந்த கடதாசித் துண்டுகள் தண்ணீரில் ஊறிக் கழன்றுபோயிருந்தன. பிரெபெனுக்கு ரெலிபோன் வந்தது. பூட்டி வை என்று கையால் காட்டிவிட்டு அவர் போனார். எது எதற்கு என்று கேட்கவேண்டும் என அவன் நினைத்தான்தான். டெனிஷில் அதை எப்படிக் கேட்பதென்று வரவில்லை. கையெல்லாம் விறைத்துப்போயிருந்தது. இரண்டும் ஒரே மாதிரித்தானே இருந்தன. வலப்பக்கம் கிடந்ததை எடுத்து நாலாம் பெட்டிக்குள் வைத்துப் பெருவிரலால் அமத்தினான். சின்னதாக ஒரு சத்தத்தோடு அது இறுகியது.

ஐந்து நாள் கழித்து அந்தோனிமுத்து பச்சை விளக்கைப் பார்த்து மூடியில் கை வைத்தான். செத்த பிறகு, அவசரக்காரன், அதுதான் போனான் என்று அவனைப் பற்றிச் சிலர் கதைத்தார்கள். நித்தியானந்தனும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவன்தான்.

அவன் தாளைக் கிழித்தான். நாலாக மடித்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தான். மண்டபத்துக்குத் திரும்பி நடந்தபோது, என்ன சொல்லப்போகிறேன் என்று அவனுக்கே தெரியாது.

"பேப்பர் சிக்கிட்டுது அக்கா. ஒண்டும் அடிக்கேல்லை."

யசிந்தா அவனை ஒரு கணம் பார்த்தாள். "சரி," என்றாள்.

சாப்பாட்டு மணி முடிந்து ஆட்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். இனிப் பின்னேரம்வரை பெட்டியை நிறுத்த விடமாட்டார்கள் என்றார் பிரெபென். முத்திரை வைத்த பெட்டியைத் திறக்கப் பரிசோதகர் வரவேண்டும். ரெலிபோன் எடுத்துக் கேட்கிறேன், நாளைக்கு வரக்கூடும் என்று சொன்னார். அதையும் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

கார் நகரத்துக்குத் திரும்பியது. நித்தியானந்தனுக்குப் பகிடி ஒன்றும் வாய்க்கு வரவில்லை. மகன் நடக்கத் தொடங்குமுன் விட்டுவிட்டு வந்தவன் அவன். இப்போது மகனுக்கு ஆறு வயது. கடைசிக் கடிதத்தில் தன் பெயரை அவனே எழுதியிருந்தான்.

பொலிஸ் நிலையத்தின் உள்வாசலில் ஒரு நீள வாங்கு. ஜெபரட்ணம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மணி ஒன்று ஐம்பது. யசிந்தா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாளைக்குப் பரிசோதகர் வருவார், இன்றைக்குக் கையெழுத்து வேண்டாம் என்றாள்.

"இல்லைப் பிள்ளை. இண்டைக்கே முடிக்கவேணும்."

"ஒரே ஒரு நாள், அண்ணை."

"ஒரு நாள் எண்டா இன்னொரு அஞ்சு ஐம்பத்தெட்டு. நான் தாங்கமாட்டன்." அவர் சத்தம் போடவில்லை. கோயில் அறிவித்தல் வாசிக்கிற குரலில் சொன்னார். "ஆவியோ மெசினோ, எனக்கு அது பிரச்சினை இல்லை. அவன் வந்து, ஏன் அண்ணை திறந்தனீங்கள் எண்டு கேக்கிறான். நான் திறக்கேல்லை எண்டு சொல்ல வாய் உன்னுது. எங்க நிண்டனான் எண்டு எனக்கே தெரியேல்லையே. என்ர தலைக்குள்ள இருந்த உண்மையை ஆரோ எடுத்துக்கொண்டு போட்டினம். கையெழுத்து வைச்சா, இதுதான் நடந்தது எண்டு ஒண்டாவது இருக்கும்."

யசிந்தா சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் இரண்டுக்குக் கிட்ட வந்தது.

நித்தியானந்தன் பொக்கற்றுக்குள் கையை விட்டான். தாளை விரித்து ஜெபரட்ணத்தின் தொப்பிக்கு மேல் வைத்தான்.

"ரெண்டாம் பெட்டியை நிப்பாட்டித் திருப்பிப் போடேக்க அடிச்சது, அண்ணை. ரெண்டைப் போட்டா நாலு எண்டு வருது." "ரெண்டின்ர சில்லும் நாலின்ர சில்லும் மாறிக் கிடக்கு. மாத்திப் பூட்டினது நான். குழாய் வெடிச்ச ஞாயிற்றுக்கிழமை. எது எதுக்கு எண்டு நான் கேக்கேல்லை."

ஜெபரட்ணம் தாளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவர் தன்னை அடிப்பார் என்று அவன் எதிர்பார்த்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான்.

"அப்ப," என்றார் அவர் மெதுவாக, "நான் ரெண்டிலதான் நிண்டனான்."

"ஓம் அண்ணை. ரெண்டிலதான் நிண்டனீங்கள்."

அவர் முகத்தைத் தொப்பிக்குள் புதைத்துக்கொண்டு அழுதார். தோள் மட்டும் குலுங்கியது.

கதவு திறந்தது. இளம் பொலிஸ்காரர் ஒருவர் ஜெபரட்ணத்தின் பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். எழுந்து நின்றது நித்தியானந்தன்.

"ஓட்டை போட்ட ஓரம் உன்ர பொக்கற்றுக்கு வெளியில தெரிஞ்சுது," என்றாள் யசிந்தா, அவனுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே. "அப்பவே கண்டனான். ரெண்டு மணி வரைக்கும் பொறுப்பம் எண்டு நினைச்சன். ரெண்டு அடிச்சிருந்தா நானே எடுத்திருப்பன்."

"தெரியும் அக்கா."

"உள்ளுக்க நான் உன்ர அக்கா இல்லை. நீ சொல்லுறதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவன். ஒண்டையும் மெழுகமாட்டன்."

அறைக்குள் மேசை, மூன்று கதிரை, ஒரு தட்டச்சு மெசின். அவன் முதலிலிருந்து சொன்னான். குழாய், தண்ணீர், பேப்பரில் கிடந்த சில்லுகள், கேட்காமல் விட்ட கேள்வி. மொழிபெயர்ப்பாளர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்வதில்லை. பேசுகிறவனின் வாயாகத்தான் பேசவேண்டும். 'நான்தான் மாத்திப் பூட்டினன்' என்று அவன் சொன்னபோது யசிந்தாவும் 'யை' என்றுதான் தொடங்கினாள். அது டெனிஷில் 'நான்.' அந்தச் சொல்லில் அவள் ஒரு கணம் நின்று, பிறகு வசனத்தை முடித்தாள்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குப் பரிசோதகர் முத்திரையை உடைத்தார். நாலாம் பெட்டியிலிருந்து எடுத்த சில்லைப் பிரெபென் வாசிக்கிற மெசினில் வைத்தார். அது சொன்ன இலக்கம் இரண்டு. யாரும் கேட்கவில்லை, பிரெபென் தானாகவே பேசினார். இரண்டும் வேறு வேறு என்று நித்தியானந்தனுக்குத் தான் சொல்லவில்லை என்றார். பிறகு வந்து சரிபார்க்கவும் இல்லை. இரண்டையும் தானே பூட்டியதாக அறிக்கையில் எழுதிவிட்டு, விபத்துக்குப் பிறகு அதை மாற்ற மனம் வரவில்லை. சொல்லி முடித்ததும் கேள்கருவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஜெபரட்ணத்தின் பெயரில் இருந்த தாளைப் பொலிஸ் திருப்பி எடுத்துக்கொண்டது. நித்தியானந்தனுக்கு ஒரு கடிதம் வரும் என்றார்கள். வழக்கு வருமா, மினிஸ்ட்ரிக்குப் பெயர் போகுமா என்று அவன் கேட்டான். பொலிஸ்காரருக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதை அவர் மரியாதையாகச் சொன்னார்.

வெளியே காருக்குள் ஏறியதும் அவன் யசிந்தாவிடம் கேட்டான்: "அந்தோனியின்ர மனுசியின்ர விலாசம் உங்களிட்ட இருக்கோ?"

"ஊரில, பேசாலையில. பைலுக்குள்ள இருக்கு. என்ன எழுதப் போறாய்? நீ சொல்லு, நான் எழுதித் தாறன்."

"இல்லை அக்கா. இதுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்."

அவள் விலாசத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, கோப்பி வாங்கப் போவதாகச் சொல்லி இறங்கிப் போனாள். லாடாவின் ஹீற்றர் வேலை செய்யவில்லை. பேனையின் மை உறைந்திருந்தது. உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கினான். கோப்பு மட்டையை ஸ்ரியரிங்கில் சாய்த்துவைத்து, வெகு நேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முதல் வரியை எழுதினான்.

'அன்புள்ள அக்கா, உங்கட அவர் ஒரு பிழையும் விடேல்லை.'